குறை சொல்லிக் கொடுங்கள்

நம் சங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்து வருகிறது. ஆகஸ்டு மாதத்தில் பெட்டி படுக்கையுடன் ரயிலிலிருந்து இறங்கும் புதிய மாணவருக்கு, முதல் வாரத்திலேயே மூத்த மாணவர் ஒருவர் தம்முடைய பழைய சைக்கிளைக் கொடுத்துவிடுவார். சிலர் சும்மாவே கொடுப்பார்கள். சிலர் ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொள்வார்கள். "நல்ல வண்டி தம்பி, தைரியமா ஓட்டு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு சைக்கிளைப் பெற்றேன். அப்படியே அதை இன்னொருவனுக்குக் கொடுத்தேன். இந்த வழக்கத்தைப் பழிப்பதற்காக நான் எழுத வரவில்லை. இதில் பாதிதான் இருக்கிறது, மற்றப் பாதியைக் காணோம் என்று சொல்லவே எழுதுகிறேன். சைக்கிளைக் கொடுக்கிறோம், அது நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதைக் கொடுப்பதில்லை.

"மிதிவண்டி" என்று எழுதினால் தமிழ்ப் பற்றுள்ள நண்பர்கள் மகிழ்வார்கள். ஆனால் லங்கா கடைவீதியில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் பேச வேண்டியிருக்கிறதே! ஆகையால் இந்தக் கட்டுரையில் சைக்கிள் சைக்கிளாகவே இருக்கட்டும்.

ஊரில் இருந்தவரை நம்மில் பலர் சைக்கிளைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. எட்டு வயதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டோம். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை இரண்டு ஆண்டு ஓட்டினோம். பிறகு கல்லூரிக்குப் பேருந்து வந்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் வண்டி பழுதானால் அப்பா பார்த்துக்கொண்டார். அல்லது தெருமுனைக் கடைக்கார அண்ணன் பார்த்துக்கொண்டார். ஓட்டுவது ஒன்றுதான் நம் வேலை. ஆகவே, ஓட்டத் தெரிந்தவர்களாகவும் மற்ற எதுவும் தெரியாதவர்களாகவும் காசிக்கு வந்து சேருகிறோம். இப்படி வருகிறவரைப் புதியவர் என்று யாரும் எண்ணுவதில்லை. "ஓட்டத் தெரியுமா?" என்று கேட்கிறோம், "தெரியும்" என்கிறார். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது.

இங்கே சைக்கிள் விளையாட்டுக்காக அல்ல. 1916இல் தோன்றிய இந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகம் சுமார் 1,300 ஏக்கர் பரப்புள்ளது. சாலைகள் அரைவட்டங்களாகவும் அவற்றை வெட்டிச் செல்லும் ஆரங்களாகவும் ஓடுகின்றன. விடுதியிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து நூலகத்துக்கு, அங்கிருந்து மறுபடி விடுதிக்கு என்று நாளெல்லாம் அலைகிறோம். சைக்கிள் நின்றுவிட்டால் காலை வகுப்பு போயிற்று. உணவு வேளை போயிற்று. சில சமயம் ஆய்வகத்தில் பாதியில் விட்டுவந்த வேலையும் போயிற்று. இரவு பதினொரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து திரும்பும் மாணவிக்கு, மரங்கள் அடர்ந்த சாலையில் செயின் கழன்றுகொண்டால் அது வெறும் தாமதம் மட்டுமன்று.

என் அறியாமை எனக்குத் தெரியவந்தது, வந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாரதியார் இளமையில் வாழ்ந்த அனுமான் கட்டத்துப் பக்கம் இட்லி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இட்லி கிடைத்தது. திரும்பும்போது சிவாலாவைத் தாண்டியதும் பின் சக்கரம் தரையோடு தரையாக அமுங்கிவிட்டது. இறங்கித் தள்ளத் தொடங்கினேன். வழியில் மூன்று இடங்களில், மரக்கிளையில் பழைய டயரைத் தொங்கவிட்டு, பக்கத்தில் பம்பும் தண்ணீர்ச் சட்டியுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூவரையும் கண்டேன். மூவரையும் கடந்து வந்தேன். அந்தப் புழுக்கத்தில், நான்கு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே விடுதி சேர்ந்தேன். காரணம் வேறொன்றுமில்லை. இந்தியில் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் மொழிபெயர்க்கும் வசதி இருந்தது. வாய் திறக்கவே வெட்கப்படுகிறவனுக்கு அது எதற்குப் பயன்படும்?

மறுநாள் இதை, பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நம் சங்கத்து அக்கா ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "பஞ்சருக்கு இந்தியில என்ன சொல்லணும், தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"பஞ்சர்."

நான் விழித்தேன். "சைக்கிளைக் காட்டி 'பையா, பஞ்சர்'னு சொன்னா முடிஞ்சுது. ட்யூபுக்கு ட்யூப், டயருக்கு டயர், செயினுக்குச் செயின், பிரேக்குக்குப் பிரேக். காத்துக்கு மட்டும் 'ஹவா'. வேலை செய்யறவருக்கு நம்ம ஊரில மேஸ்திரி, இங்கே மிஸ்திரி. இதுக்காடா நாலு மைல் தள்ளிக்கிட்டு வந்தே?" என்று சிரித்தார்.

மேஸ்திரியும் மிஸ்திரியும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்துகொண்டது வேறு. என்னை நடக்க வைத்தது ட்யூபில் இருந்த துளை அல்ல; கேட்பதற்கு இருந்த கூச்சம். ஒரு சொல்லை எனக்கு யாராவது முன்னதாகச் சொல்லியிருந்தால் அது பத்து நிமிட வேலை; இருபது ரூபாய்ச் செலவு.

அடுத்த ஞாயிறு அந்த அக்கா துறையின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னை உட்காரவைத்துப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதைப் படிக்கும் புதியவர் ஒருவருக்காவது உதவட்டும்.

காற்று இறங்கியதும் பஞ்சர் என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் காற்றடிக்கும் வாயைப் பார்க்க வேண்டும். நம் சாதாரணச் சைக்கிளில் அதற்குள் வால்டியூப் என்று ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருக்கிறது. வெயிலிலும் நாட்பட்டும் அது இற்றுப்போகும். காற்றை அடித்துவிட்டு, அந்த வாயில் சிறிது எச்சிலைத் தடவினால் குமிழி வரும். வந்தால் பழுது அங்கேதான். சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த ரப்பரை மாற்றினால் போதும். டயரைக் கழற்றவே வேண்டாம்.

பஞ்சர்தான் என்றால், சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வெளிநாட்டுப் படக்காட்சிகளில் சக்கரத்தைக் கழற்றித்தான் காட்டுகிறார்கள். அவர்கள் வண்டியில் காரியரும் ஸ்டாண்டும் செயின் மூடியும் மட்கார்டும் இல்லை. ஒரு நெம்பில் சக்கரம் வந்துவிடும். நம் மிஸ்திரிகள் வண்டியைச் சாய்த்துப் போட்டு, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி வெளியே எடுத்து, ட்யூபை உருவிக்கொள்கிறார்கள். அதுவே நமக்குப் போதும். நெம்புவதற்கு முனை மழுங்கிய லீவர் இரண்டு வேண்டும். திருப்புளியால் நெம்பினால் ஒரு பஞ்சர் இரண்டாகும்.

ட்யூபில் காற்றை அடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் துளை. தண்ணீர் இல்லாவிட்டால் ட்யூபைக் கன்னத்தருகே கொண்டுபோய் மெல்லத் திருப்பினால் காற்று படுவது தெரியும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தவறு செய்கிறார்கள். தடவிய உடனே ஒட்டைப் போட்டு அமுக்குகிறார்கள். அது மாவுப் பசை அல்ல. கரைப்பானில் கரைந்த ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் அது பிடிக்கும். ஈரமாக இருக்கும்போது மூடினால் உள்ளே அடைபட்ட கரைப்பான் ஒட்டைத் தூக்கிவிடும். ஐந்து நிமிடம் பொறுத்து, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் ஒட்டைப் போட்டு நன்றாக அழுத்த வேண்டும். இரண்டு ஆண்டாக வேதியியல் ஆய்வகத்தில் கரைப்பான்களுடன் பழகும் நானே முதல் தடவை அவசரப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. ட்யூபை மறுபடி உள்ளே வைக்குமுன், டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். மெதுவாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் முள் விரலைப் பதம் பார்த்துவிடும். இந்தப் பக்கத்துக் கருவேல முள் டயருக்குள் முறிந்து ஒளிந்துகொண்டிருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் பத்தே நிமிடத்தில் மீண்டும் அதே இடத்தில் குத்தும். பிறகு, "ஒட்டு சரியில்லை" என்று குறை சொல்லுவோம்.

காற்றைப் பற்றியும் ஒரு தவறான அறிவுரை நம்மிடையே உலவுகிறது. "வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வை, இல்லாவிட்டால் வெடித்துவிடும்" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரில் சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தம் வைத்திருக்கிறீர்கள். வெளிக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் சுமார் 60. வெப்பநிலை 27 பாகையிலிருந்து 47 பாகைக்கு ஏறினால், அந்த அறுபது அறுபத்து நான்காகும். அதாவது 45 என்பது 49 ஆகும். நல்ல டயருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வெடிப்பது பெரும்பாலும் பக்கச்சுவர் இற்றுப்போன டயர். காற்றைக் குறைத்தாலோ, பள்ளத்தில் இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையில் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல இரண்டு துளைகள் விழும். எவ்வளவு காற்று என்பதை டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. செயின் கிறீச்சிட்டது. அறையில் அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் இருந்தது. தாராளமாக ஊற்றினேன். அக்டோபரில் வண்டி வெண்ணெயாய் ஓடியது. டிசம்பரில் ஒரு காலை பெடல் அசைய மறுத்தது. பார்த்தால் செயின் முழுதும் வெள்ளைப் பூச்சு! தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பது நம் ஊர்க் குளியலறையில் மார்கழியில் நாம் பார்த்ததுதான். காசியின் குளிரில் கேட்க வேண்டுமா? அதோடு, அப்படி உறைந்தும் இளகியும் தூசியைச் சேர்த்துக்கொண்டு அது பிசினாகிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு பகல் பிடித்தது. சைக்கிளுக்கென்று விற்கும் எண்ணெயில் நான்கு சொட்டு இட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுவதே முறை.

செயின் கழன்றுகொள்வதும் அடிக்கடி நேர்வது. அதை விரலால் பற்றி இழுக்காதீர்கள். விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே அகப்பட்டால் நகம் போய்விடும். ஒரு குச்சியால் தூக்கிப் பின் பல்சக்கரத்தில் முதலில் மாட்டி, பிறகு முன் பல்சக்கரத்தின் சில பற்களில் பொருத்தி, பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினால் தானாக ஏறிக்கொள்ளும். நடுவில் தொட்டால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் தளர்ந்துவிட்டது என்று பொருள். பின் சக்கரத்தின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைச் சிறிது பின்னுக்குத் தள்ளி முடுக்க வேண்டும். தேய்ந்து நீண்டுபோன செயினை இப்படி இழுத்து இழுத்து வைத்துக்கொள்வதும் கூடாது. ஒரு கண்ணி அரை அங்குலம். இருபத்து நான்கு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்து, பன்னிரண்டே அரைக்கால் அங்குலம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

பிடிக்காத பிரேக்கை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதற்குத்தான் வருகிறேன்.

புதிதாக ஓட்ட வருகிறவரிடம் "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேட்டால், "பஞ்சர்" என்பார். அடிக்கடி வருவது அதுதான். ஆனால் அடிக்கடி வரும் பழுதும், ஆபத்தான பழுதும் ஒன்றல்ல. பஞ்சர் நம்மை நடக்க வைக்கும்; பிரேக் நம்மைப் படுக்க வைக்கும். ஆகவே ஆயத்தத்தின் வரிசை, முதலில் பிரேக், பிறகு செயின், பிறகுதான் பஞ்சர் என்று இருக்க வேண்டும். நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தேன். அதன் பலனை அனுபவித்தவன் நான் அல்லன்.

சென்ற ஆகஸ்டில் எனக்கு வேறொரு சைக்கிள் கிடைத்தது. பழையதைப் புதிதாக வந்த தம்பி ஒருவனுக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தேன். ஒட்டு, சொலுஷன், உப்புத்தாள் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பஞ்சர் ஒட்டவும் காட்டிக்கொடுத்தேன். மிக நல்ல மூத்தவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியும் நிலையில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? மறைக்க வேண்டும் என்று எண்ணவில்லை. அந்தப் பிரேக் இல்லாமலே நான் ஓட்டப் பழகியிருந்தேன். நிற்க வேண்டுமானால் வலக்காலைத் தரையில் தேய்ப்பேன். என் செருப்புதான் என் பிரேக். பழகிப்போன குறை குறையாகத் தோன்றுவதில்லை.

பத்து நாள் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தம்பி நூலகத்திலிருந்து வரும்போது திருப்பத்தில் ஒரு பசு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினான். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் நல்ல கட்டைக்கே பிடிப்புக் குறையும். தேய்ந்த கட்டைக்குக் கேட்கவே வேண்டாம். பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பியின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவன், முதல் பருவத்திலேயே எழுதும் கை இல்லாமல் இருந்தான். அம்மாவிடம் கைப்பேசியில் பேசும்போது முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் பேசினான்.

மருத்துவமனையில் அவன் என்னைக் கேட்டான்: "அண்ணா, பிரேக் பிடிக்கவே இல்ல. நீங்க ஓட்டும்போது பிடிச்சுதா?"

"பிடிச்சுதே தம்பி" என்றேன்.

அந்தப் பொய் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு வாரமும் அவனைக் காரியரில் உட்காரவைத்து வகுப்புக்கு அழைத்துச் சென்றேன். அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, வண்டியை ஓட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பாராமல், உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பின்னாலிருந்து சத்தமே இல்லை. பிறகு, "சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேன் அண்ணா. அது என்ன, அம்பது ரூபா இருக்குமா?" என்றான். அவ்வளவும் இருக்காது. இந்தக் கட்டுரை எழுத அவனிடம் சம்மதம் கேட்டேன். "எழுதுங்க. பேர் மட்டும் வேண்டாம்" என்றான்.

இதற்கு எதிராக நண்பர்கள் சொல்லக்கூடியவற்றையும் நினைத்துப் பார்த்தேன். "மூலைக்கு மூலை மிஸ்திரி இருக்கும்போது மாணவன் எதற்குக் கையைக் கறையாக்கிக்கொள்ள வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். மிஸ்திரி இருக்கிறார், இரவு பத்து மணிக்கு இல்லை, ஹோலிக்கு இல்லை, தீபாவளிக்கு இல்லை. ஆய்வகத்தில் அமிலக் கறைக்கு அஞ்சாத கை, செயின் மசிக்கு அஞ்சுவானேன்? "எல்லோரும் தாமே ஒட்டிக்கொண்டால் அந்த ஏழையின் பிழைப்பு என்னாவது?" என்று இன்னொருவர் கேட்பார். இந்தக் கேள்வியில் நல்ல மனம் இருக்கிறது. ஆனால் பழுது தெரிந்தவன் மிஸ்திரியிடம் போகாமல் இருப்பதில்லை; சரியான வேலைக்கு, சரியான சமயத்தில் போகிறான். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதும், ஓவராயில் செய்வதும், கம்பி மாற்றுவதும் கைத்திறன் வேண்டிய வேலைகள். அவற்றை நாம் தொட்டால் கெடுத்துவிடுவோம். என் பழைய வண்டியின் பிரேக் கட்டையை நான் அவரிடம் காட்டியிருந்தால் அவருக்கும் கூலி கிடைத்திருக்கும். தம்பிக்கும் கை தப்பியிருக்கும். "இ-ரிக்‌ஷா இருக்கிறதே" என்பார் மூன்றாமவர். இருக்கிறது, நம்மை ஏற்றிக்கொள்ளும். நின்றுபோன சைக்கிளை யார் தலையில் ஏற்றுவது?

1888இல் டன்லப் காற்று டயருக்கு உரிமை பெற்றார். அந்த முதல் டயர்களைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்; பஞ்சர் ஆனால் சீர்செய்வது பெரும்பாடு. 1891இல் பிரான்சில் மிஷ்லேன் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிசிலிருந்து பிரெஸ்டு சென்று திரும்பும் நெடும்போட்டியில் அந்த டயரில் ஓட்டிய தெரோன் வெற்றி பெற்றார். அது துளை விழாத டயர் அல்ல. துளை விழுந்தால் வழியிலேயே சரிசெய்துகொள்ளக் கூடிய டயர். பழுதே வராது என்ற நம்பிக்கையைவிட, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆயத்தம் நெடுந்தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இனி, சங்கம் செய்யக்கூடியவை மூன்றைச் சொல்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரு பொங்கல் விழாவில் தோரணத்துக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

முதலாவது, சங்கத்துக்கென்று ஒரு கருவிப்பெட்டி. ஒரு பம்பு, லீவர் இரண்டு, பின் சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், திருப்புளி, ஒட்டு, உப்புத்தாள், சொலுஷன், வால்டியூப், எண்ணெய், பழந்துணி, இவ்வளவே. சொலுஷன் குழாயை ஒரு முறை திறந்துவிட்டால் மூடிவைத்தாலும் நாளடைவில் காய்ந்துவிடும். ஆகையால் பருவத்துக்கு ஒரு புதுக் குழாய் வாங்க வேண்டும். ஆண்கள் விடுதியில் ஒன்றும் பெண்கள் விடுதியில் ஒன்றுமாக இரண்டு பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, புதியவரை வரவேற்கும் மாலையில் ஒரு மணி நேரம். பாட்டும் பேச்சும் நடக்கட்டும். அவற்றுக்கு முன் ஒரு சைக்கிளைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு செயினை மாட்டவும், ஒரு பஞ்சரை ஒட்டவும் செய்யட்டும். இடப் பக்கத்துப் பெடலின் மரை மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் திருகும் என்பது போன்ற சிறு விஷயங்கள், கையால் செய்தால்தான் மனத்தில் நிற்கும். மறுநாள் லங்காவில் இருக்கும் மிஸ்திரி ஒருவரிடம் எல்லோரையும் அழைத்துச் சென்று, "பையா, இவர்கள் நம்மவர்கள்" என்று அறிமுகம் செய்து வைப்போம். "பஞ்சர் பனா தீஜியே", "ஹவா பர் தீஜியே", "பிரேக் கஸ் தீஜியே" என்ற மூன்று வாக்கியங்களை அங்கேயே வாய்விட்டுச் சொல்லட்டும். முதல் தடவை சொல்வதற்குத்தான் கூச்சம்.

மூன்றாவதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பழைய சைக்கிளைக் கொடுக்கும் ஒவ்வொருவரும் அதன் ஹேண்டில்பாரில் ஒரு குறைச் சீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும். வண்டியில் என்னென்ன கெட்டிருக்கிறது, எதற்கு என்ன செய்து சமாளித்தோம் என்று எழுதிய சீட்டு. வாங்குகிறவரும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் வாங்காதீர்கள், அல்லது கட்டையை மாற்றிய பிறகு ஏறுங்கள். கொடுப்பவர் அண்ணன் ஆயிற்றே, எப்படிச் சோதிப்பது என்று தயங்காதீர்கள். நானும் அண்ணன்தான்.

வரும் மே மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. இப்போது ஓட்டும் சைக்கிளையும் யாருக்கேனும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குச் சீட்டை இப்போதே எழுதிவிட்டேன்: "முன் டயரில் வால்வுக்கு அருகே ஒரு வெட்டு இருக்கிறது, மழைக்காலத்துக்கு முன் மாற்றவும். பின் சக்கரத்தில் சிறிது கோட்டம், மிஸ்திரியிடம் காட்டவும். ஸ்டாண்டு ஒரு பக்கம் சாயும். சுவரில் சாத்தி வைக்கவும். மணி அடிக்காது, வாயால் கத்த வேண்டும். பிரேக் கட்டை நான்கும் புதியவை. ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கவும்."